சளி வேண்டாம், எச்சில் போதும்

2007 ஜூன் மாதம். தாம்பரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனையின் ஆறாம் எண் அறையில், ஆய்வகத்திலிருந்து வந்த தாளை ஷாயிஸ்தா பிரித்தாள். அனுப்பிய இருபது குழாய்களில் பதினான்கு தள்ளுபடி. காரணம் ஒரே வரி: எச்சில் அல்ல, சளி.

சேலையூரில் அண்ணன் ஹிதாயத்துல்லாவின் வீட்டில் இருந்தாள் அவள். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, இந்த ஆராய்ச்சி வேலையில் சேர்ந்து நாற்பத்தொரு நாள்தான் ஆகியிருந்தது.

உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தால், உள்ளே சும்மா உறங்கிக் கிடக்கும் சில வைரஸ்கள் விழித்துக்கொண்டு எச்சிலில் பெருகும். அதை அளந்து பார்த்து, யாருக்கு நோய் முற்றப் போகிறது என்று ஊசி குத்தாமலே முன்கூட்டிச் சொல்ல முடியுமா? இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ராஜாராமன் தேடியது அதைத்தான்.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு குழாய் போகணும்மா. அதுவும் திரும்பி வந்தா இந்த ஆராய்ச்சி சென்டரையே மூடிடுவாங்க," என்றார் அவர். மூடினால் அவள் வேலையும் போய்விடும்.

மறுநாள் முதல் நோயாளியாக, மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் குப்பன் வந்தார். குழாயைக் கையில் வாங்கியதுதான் தாமதம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து இருமினார்.

"அண்ணா, இருமாதீங்க! எச்சில்தான் வேணும்."

"இன்னாம்மா பேஜாரா கீது? 'எச்சி துப்பாத, நல்லா இருமி சளி எடு'ன்னு ஒரு வருசமா சளி டெஸ்ட் ஜன்னலாண்ட திட்டிகினே இருந்தாங்க. இப்பதான் கத்துகினேன். நீ தலைகீழா சொல்றியே!"

"அதுல அண்ணன்தான் பஸ்ட் ரேங்க்," என்றாள் வரிசையில் பின்னால் நின்ற முனியம்மா.

ஷாயிஸ்தாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. சுவரில் ஒட்டிய தாளில் 'உமிழ்நீர் மாதிரி' என்று இருந்தது. அந்தச் சொல் யாருக்கும் புரியவில்லை. குழாயைக் கண்டதும் பழகிய கை தானாக நெஞ்சுக்குப் போயிருக்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'இரும வேண்டாம், எச்சில் போதும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். குப்பனை வாய் கொப்பளிக்க வைத்து, பத்து நிமிடம் உட்கார வைத்து, புதுக் குழாய் கொடுத்தாள். இப்போது வாய் வறண்டு, ஒரு சொட்டும் வரவில்லை.

"அண்ணா, ஸ்டேஷன் வாசல்ல கிளிமூக்கு மாங்காயக் கீறி, உப்பு மொளகாத்தூள் தடவித் தருவாங்களே..."

"ஐயய்ய, நிறுத்தும்மா!" என்று குப்பன் குனிந்தார். குழாயில் தெளிவாக ஒழுகியது.

முனியம்மாவிடம் மாங்காய் பலிக்கவில்லை. நெல்லிக்காய்க்கும் மசியவில்லை. புளியங்காய் என்றதும்தான் ஊறியது. வியாழக்கிழமை நாலரை மணிக்குள் பன்னிரண்டும் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நேரம் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கினாள்.

திங்கட்கிழமை ஆய்வகத்தோடு போனில் பேசிவிட்டு டாக்டர் வந்தார். "பதினொண்ணு சரியாம்."

"இன்னொண்ணு சார்?"

"மூடி லூஸாம், ஒழுகிடுச்சு."

"அது என் தப்பு சார்."

"பரவால்லம்மா. சென்டரை மூடல. இன்னும் அறுபது பேரைச் சேர்க்கச் சொல்றாங்க."

ஷாயிஸ்தா புதுக் குழாய்களின் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அறுபது பேர்னா இன்னொரு ஐஸ் பெட்டி வேணும் சார்."