என் அளவுக்கு ஒரு முழுக்கு அங்கி

என் மாமியாரின் அடக்க ஆராதனையில் நான்கு பேர் பேசினார்கள். பொறுமையின் சிகரம் என்றார் ஒருவர். சாந்தமே உருவானவர் என்றார் இன்னொருவர். பெட்டிக்குள் இருப்பது வேறு யாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. எழுந்துபோய்ப் பார்த்திருப்பேன், மனைவி என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வருடம் அவருக்கு மாப்பிள்ளையாகக் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

அவர் பாப்டிஸ்ட் சபைக்காரர். விவரம் தெரிந்த வயதில், சபை முன்னால் வாயைத் திறந்து விசுவாசத்தை அறிக்கையிட்டு, தொட்டித் தண்ணீரில் தலை மறைய முழுகி எழுந்தால்தான் அவருக்கு அது ஞானஸ்நானம். நானோ வேறு சபையில் பிறந்தவன். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே நெற்றியில் நாலு சொட்டுத் தெளித்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நாலு சொட்டை மாமியார் கடைசிவரை தண்ணீராகவே மதிக்கவில்லை.

மாமாவும் என்னைப் போலத்தான் வந்து மாட்டியவர். முழுகினால்தான் கல்யாணம் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றதால், முந்தின வாரம் சில்லென்ற தண்ணீரில் இறங்கியிருக்கிறார். கல்யாணப் படத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். அதன்பின் நாற்பது வருடம், பிரசங்கம் தொடங்கியதும் தூங்கி, ஆமென் சொல்லும் நேரத்துக்குச் சரியாக விழித்துக்கொள்வதில் மனிதர் ஒருநாளும் பிசகியதில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது.

பேரப்பிள்ளைகளுக்கு வசனம் ஒப்பித்தால்தான் மிட்டாய். என் மகள் இருப்பதிலேயே சின்ன வசனமாகத் தேடிப் பிடித்து, அதை வைத்தே இரண்டு வருடம் ஓட்டினாள். மாமியாருக்கு அது தெரியும். மகளை வளர்த்தபோது காட்டிய கண்டிப்பெல்லாம் பேத்தியிடம் எங்கே போனது என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள்.

சபையில் முழுக்கு அங்கி தைப்பது அவர் பொறுப்பு. கணுக்கால்வரை நீளும் வெள்ளை அங்கி. தண்ணீரில் இறங்கியதும் அது குடைபோல விரிந்து மேலே வந்துவிடும். அப்புறம் சபையார் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது? அதனால் கீழ் மடிப்புக்குள் கனமாக எதையாவது வைத்துத் தைப்பார். இரும்பு துருப்பிடித்துக் கறையாக்கும் என்று, கடையில் பித்தளை வாஷர்கள் வாங்கி வைத்திருப்பார்.

எனக்கும் ஒன்று தைத்தார். நான் கேட்கவில்லை. டேப்பை எடுக்கவில்லை, சாப்பிட உட்கார்ந்தபோது கண்ணாலேயே அளந்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை என் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவார், தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். எந்த மருத்துவரும் என் எடையை அவ்வளவு அக்கறையாகக் கவனித்ததில்லை.

நான் பிளம்பர். ஆலய மேடையின் பலகைகளுக்கு அடியில் இருக்கும் முழுக்குத் தொட்டி ஒழுகினால் நான்தான் போகவேண்டும். மாமியார் கணக்குப்படி அது ஒழுகாத மாதமே கிடையாது. கூடவே வந்து மேலே நின்று மேற்பார்வை பார்ப்பார். வேலை முடித்து வந்தால் என் பெட்டியில் வாஷர் ஒன்று குறையும். தண்ணீரோடு போயிருக்கும் என்று விட்டுவிடுவேன். ஒருநாள் வால்வு பிடுங்கிக்கொண்டது. கால் வழுக்கி, இடுப்பளவு தேங்கியிருந்த தண்ணீரில் மல்லாக்க விழுந்து, தலை முழுக நனைந்து எழுந்தேன்.

"முழுகியாச்சு அத்தை. இதோட என்னை விட்டுடுங்க."

அவர் துண்டை நீட்டினார். "வாயத் தெறந்து ஒண்ணும் சொல்லலையே மாப்ள. இது வெறும் குளியல்."

போன மாதம் இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் சேர்த்தோம். வீடு திரும்புவது சந்தேகம் என்றார்கள். என் வீம்பு அன்றைக்குத்தான் எனக்கே அசிங்கமாகப் பட்டது. ஒரு மனுஷி இத்தனை வருடமாகக் கேட்டது ஒரே ஒரு விஷயம், அதுவும் ஐந்து நிமிட வேலை. கட்டில் அருகே உட்கார்ந்து, வருகிற ஞாயிறு தொட்டியில் இறங்குகிறேன் என்றேன். சந்தோஷத்தில் அழுவார் என்று கைக்குட்டையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

தலையை என் பக்கம் திருப்பினார். "யாருக்காக மாப்ள?"

"உங்களுக்காகத்தான் அத்தை."

"அப்ப வேணாம்."

நான் விடாமல் வாதாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். "உங்க மாமாவும் எனக்காகத்தான் முழுகினாரு. தங்கமான மனுஷன். ஆனா நாப்பது வருஷம் அவர் பக்கத்துலயே உக்காந்து தனியாத்தான் ஜெபம் பண்ணேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கே விசுவாசம் வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். நாளைக்கு வந்து குழாயைச் சரிசெய்கிறேன் என்று ஊரெல்லாம் கூசாமல் சொல்கிற வாய், அந்தக் கட்டில் அருகே திறக்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டார். கைக்குட்டை எனக்குத்தான் உதவியது.

அடக்கம் முடிந்த மறுநாள் மனைவி அலமாரியை ஒழித்தபோது அங்கி கிடைத்தது. என் தொப்பையின் வரலாறு முழுக்க இரண்டு பக்கத் தையலிலும் இருந்தது. கீழ் மடிப்பைத் தடவினேன். ஓரிடத்தில் தையல் விட்டு, பித்தளை வாஷர் ஒன்று எட்டிப் பார்த்தது. கடையில் கிடைக்காத கனம். லேத் பட்டறையில் சொல்லி எனக்கென்றே கடைந்து வாங்குவது. இத்தனை வருடமாகக் காணாமல் போன அத்தனையும் வரிசையாக உள்ளே இருந்தன. பத்துக் கட்டளையையும் மகளைப் பிழையில்லாமல் ஒப்பிக்க வைத்து வளர்த்தவர், களவைப் பற்றிய ஒன்றை மட்டும் மாப்பிள்ளை விஷயத்தில் தளர்த்திக்கொண்டிருக்கிறார்.

"உங்க வாஷர்தானே? பிரிச்சுத் தரட்டுமா?" என்றாள் மனைவி.

"வேணாம், அந்த விட்ட தையலை மட்டும் போட்டு வை," என்றேன். "வேலைக்கு நான் புதுசு வாங்கிக்கிறேன்."