சிவப்பு அணியில் அக்கா

என் நெஞ்சில் எரிந்த நீல விளக்கு அணைந்து, உடுப்பு ஒருமுறை அதிர்ந்தது. திரும்பினால் பின்னால் அக்கா. அறுபத்தெட்டு வயது. சிவப்பு விளக்கு மினுக்கும் உடுப்புக்குள் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். துப்பாக்கி இன்னும் என்னையே பார்த்திருந்தது.

"தள்ளு தம்பி, வழிய மறைக்காத."

ரவாங்கில் அக்காவின் மகன், என் மருமகன், வேலை செய்யும் தொழிற்சாலையின் குடும்ப நாள் அது. லேசர் டேக் என்ற விளையாட்டின் விதிகள் வாசலில் ஒட்டப்பட்டிருந்தன. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் பாரம் என்கிற படிவங்களோடு வாழ்ந்த நான்தான் அவற்றை முழுதாகப் படித்த ஒரே ஆள். ஓடக்கூடாது. ஆளைத் தொடக்கூடாது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் துப்பாக்கி சுடும். நெஞ்சிலோ முதுகிலோ தோளிலோ கதிர் பட்டால் ஐந்து விநாடி நாம் சுட முடியாது. அதற்குள் வேறு மறைவுக்குப் போய்விட வேண்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் நான் மதிக்கவில்லை. சுடப்பட்டதை யாராவது வந்து பதிந்துகொள்வார்கள் என்று கையைத் தூக்கியபடி நின்றேன். விளக்கு தானாக எரிந்தது. அக்கா மறுபடி சுட்டாள்.

உள்ளே போகுமுன் மருமகன் அவளைத் தடுத்திருந்தான். கோலசிலாங்கூர் வீட்டில் தனியாக இருப்பவளைப் புக்கிட் பெருந்துங்கில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போக ஒரு வருடமாகப் பார்க்கிறான். அவள் வீட்டை விற்பதற்கான பாரங்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தவன் நான்.

"இருட்டுலா. விழுந்துருவீங்கம்மா, வெளியவே உக்காருங்க."

"விழாம வந்தா வீட்டு பேச்ச விட்டுருவியா?"

அவனுடைய கூட்டாளிகள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, டீல்" என்றான்.

விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்ந்தவள் அக்கா. நெற்றி விளக்கு அணைந்தாலும் மர நிரை மாறாமல் நடப்பாள் என்று அப்பா சொல்வார். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். சுவரோரம் ஒண்டி நின்றாள். நாங்கள் அசைந்தால் சுட்டாள். பத்து நிமிடத்தில் எனக்கும் வெறி பிடித்தது. ஒரு தோளை மட்டும் காட்டிப் பதுங்கி, ஒரு சிவப்பு விளக்கை அணைத்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்து எத்தனை வருடமோ, தெரியவில்லை.

வெளியே வந்ததும் பெரிய திரையில் புள்ளிகள் வந்தன. அக்கா பெயர் முதலில், முழ நீள எழுத்தில். அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்: "என் பேரு எங்கடா இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் பத்திரிகை படித்தவள்.

"வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியல. ஒரு வருசமாச்சு. ஒன் சப்பாத்து கிறீச்சுனு கத்துச்சு, அத வச்சுதான் சுட்டேன்."

மருமகன் கூட்டாளிகளுக்கு நடுவே நின்று, "எங்கம்மாலா" என்று திரையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்வதே முறை. முறை தவறி ஒரு காகிதம்கூட என் மேசையைத் தாண்டியதில்லை.

"முதல்ல இருக்கு" என்றேன். "செவ்வாக்கெழம கண் டாக்டர்கிட்ட போறோம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவன்கிட்ட சொல்லுவியா?"

மருமகன் காரை எடுக்க முன்னால் போனான். வாசலில் அக்கா கால் தயங்கியது. அவன் காதில் விழாதபடி, "மூணு படி" என்றேன். கையை நீட்டவில்லை. அவள் எண்ணி இறங்கினாள்.