மோந்து பார்க்கக் கூடாத பூக்கள்

என் மகள் மூன்று மாதம் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து வயது. ஒரு வைரஸ் காய்ச்சலில் வாசனை தெரியாமல் போயிற்று. தில்லைநகர் டாக்டர், "காலையும் சாயங்காலமும் நாலு வாசனையை மூக்குக்கிட்ட பிடிச்சுப் பழக்குங்க, வரும்போது வரும்" என்றார். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபிப்பொடி, பன்னீர் ரோஜா, ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுவைத்தேன். ஆபீஸ் போவதற்கு முன் ஒரு தரம், வந்த பின் ஒரு தரம், கண்ணை மூடச் சொல்லி விடாமல் பிடித்தேன். "லேசா வரதும்மா" என்பாள். ஒருநாள் சந்தேகம் தட்டி, காலி பாட்டிலை நீட்டினேன். நன்றாக மூச்சை இழுத்துவிட்டு, "காபி" என்றாள்.

கோபம் தலைக்கேறிக் கத்திவிட்டேன். "நீ தினம் என் மூஞ்சியையே பாத்துண்டு நிக்கறே. வரலேன்னா அழறே. நான் என்ன பண்ணுவேன்?" என்று அவளும் கத்தினாள்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. அடுப்பு அணைந்து கேஸ் கசிந்துகொண்டிருந்த சமையலறையில் அவள் பாட்டுக்கு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வாசலிலிருந்து ஓடி வந்த அவள் தம்பி கத்தித்தான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய் சிலிண்டரை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். இனி பாட்டில் வேலைக்காகாது, ஒரு தோட்டத்தையே காட்டுவது என்று தீர்மானித்தேன். "டாக்டரே பொறுமையா இருன்னுட்டார். உனக்கென்ன இந்தப் பிடிவாதம்?" என்றார் என் வீட்டுக்காரர். நான் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கும் பழைய நந்தவனத்துக்குப் போனேன். எந்த ராஜா காலத்திலோ பெருமாளுக்கென்று வைத்த தோட்டம். கிணற்றிலிருந்து கல் வாய்க்கால் பிரிந்து பிரிந்து ஓடி, ஒவ்வொரு பாத்தியையும் தொட்டுவிட்டுப் போகும். துளசி, மல்லி, மகிழம், சுவரோரம் செண்பகம். "பாருங்கம்மா, பறிக்கறது மட்டும் வேணாம்" என்று தோட்டக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

சின்னதில் செண்பகம் என்றால் இவளுக்கு உயிர். தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து வளைத்து, "வா, மோந்து பாரு" என்றேன். அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பெருமாளுக்குச் சாத்தறதுக்கு முன்னாடி மோந்து பாக்கப்படாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், நான்தான். மூன்று வயதில் பூக்கூடையில் முகம் வைத்தாள் என்று கையில் ஒன்று போட்டவளும் நான்தான். கோயிலைச் சுற்றியிருக்கும் உத்தர வீதியிலேயே பிறந்து வளர்ந்தவள், மகளுக்கு வாசனை காட்ட வேறு இடமே கிடைக்காத மாதிரி இங்கே கூட்டிவந்திருக்கிறேன்!

"குழந்தைடி நீ. பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்."

"மாட்டேன்னா மாட்டேன்."

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரைக் கேட்பது? கிளையை விட்டுவிட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் சிரித்தார். "பாப்பா சொல்றது சரிதாங்க. சாமிக்குச் சாத்திக் களைஞ்ச மாலை வந்திருக்கு. அத மோந்து பாக்கலாமே, தப்பில்ல." கிணற்றடியில் ஒரு கூடை நிறைய முந்தின நாள் மாலைகள் இருந்தன. அவள் ஒன்றை இரண்டு கையாலும் அள்ளி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கிணற்றைப் பார்க்கத் திரும்பி நின்றேன். என் முகத்தைப் பார்த்து அவள் பதில் சொல்ல வேண்டாம்.

"ஒண்ணும் வரலேம்மா."

ஆனாலும் பொய் சொல்லவில்லையே என்று ஒரு ஆறுதல். "பரவாயில்லை, அடுத்த வாரம் வேற எங்கயாவது போலாம்" என்றேன்.

தோட்டக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். களைந்த மாலைகளையெல்லாம் அங்கே ஒரு குழியில் போட்டு மக்கவைத்துச் செடிகளுக்கு எருவாக்குகிறார்கள். முந்தின நாள் மழை வேறு. நான் வாய்க்கால் கல்லில் உட்கார்ந்து, அடுத்து எங்கே கூட்டிப்போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஐயய்யே! டேய், என்னடா இது, இப்படி நாத்தம் அடிக்கறது?"

அவள் குரல். என்னிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொல்கிறாள்.

"இந்தப் பக்கம் வந்ததுலேர்ந்தே அடிக்கறதே, உனக்கு இப்பத்தான் தெரியறதா?" என்றான் அவன்.

ஓடினேன். அழுகிய பூவும் நாரும் வாழை மட்டையுமாகக் குழி கொதகொதவென்று கிடந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகப் பார்த்தவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "இன்னொரு தரம் இழுடி. நன்னா இழு!"

"விடும்மா, குமட்டறது!"

விடவில்லை. அவள் குழியோரத்திலேயே குனிந்து காலையில் சாப்பிட்ட இட்லியை எல்லாம் வாந்தி எடுத்தாள். நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன், அழுதேன், எது எதென்று தெரியவில்லை. தோட்டக்காரர் பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஐயோ, புள்ளைக்கு என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை" என்றேன். "நன்னா இருக்கா."