ரைலியின் வலது சக்கரம்

தபால்காரி ரைலியின் காருக்கு ஸ்டியரிங் வலது பக்கம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் பின்லாந்தில் மற்ற கார்களுக்கு அது இடது பக்கம், கிராமத்துத் தபால் வண்டி மட்டும் இப்படித்தான். சாலையோரப் பெட்டிக்கு ஜன்னல் வழியே கை எட்ட வேண்டுமே. ஒவ்வொரு பெட்டிக்கும் வலது சக்கரம் சரளைக் கரையில் தொப்பென்று இறங்கும். அந்தப் பக்கத்து டை ராட் எண்ட், சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு, வருஷம் தவறாமல் தேய்ந்து ஆட்டம் காணும். அதைச் சபித்துக்கொண்டே என் பட்டறையில் நான்தான் மாற்றுவேன். என் முதுகும் போய்விட்டது.

இந்த வருஷமும் அரசு வாகனச் சோதனைக்கு முன்னால் வந்தாள். புது டை ராட் எண்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். வண்டிக்கடியில் படுத்து மூட்டின் மேல் விரலை வைத்தேன்.

“ஸ்டியரிங்கை ஆட்டு, ரைலி. நல்லா ஆட்டு, தாலாட்டாத!”

ஆட்டினாள். மூட்டு கல் மாதிரி நின்றது. போன வருஷம் போட்டது, துளிகூடத் தேயவில்லை. இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

எழுந்து பார்த்தேன். இடது கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

“கைக்கு என்னாச்சு?”

“தூக்க முடியல, ஒஸ்மோ.”

“அப்ப லெட்டர் எப்படிப் போடுற?”

“ஓரத்துல இறக்காம நடு ரோட்டுலயே நிறுத்தி இறங்கிப் போறேன். இடது கையால போடுறேன்.”

“எல்லாப் பெட்டிக்குமா?”

“எல்லாத்துக்கும்தான். தினமும் லேட்டு. இன்னும் லேட்டானா ரூட்டைப் பிடுங்கிடுவாங்க. யார்கிட்டயும் வாயைத் திறந்துடாத.”

“ஆஸ்பத்திரிக்குப் போகலயாடி, மடச்சி?”

“போனேனே. தோள் மூட்டு தேஞ்சுபோச்சாம். மாத்தறதுக்கு வரிசையில காத்திருக்கணுமாம். உன்கிட்ட வந்திருந்தா மத்தியானத்துக்குள்ள மாத்தியிருப்ப.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

சாயங்காலம், எங்கள் சாலையின் தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் மரச்சட்டத்தின் கால்களை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினேன். பக்கத்து வீட்டு உர்போ வந்து நின்றான்.

“என்னப்பா, இனிமே குள்ளனுங்கதான் லெட்டர் போடப் போறாங்களா? பனி விழுந்தா இதை மூடிடும்!”

“மூடினா நீதான் தோண்டப் போற. போய் மண்வெட்டியைத் தேடு.”

மறுநாள் ரைலி வழக்கம்போல நடு ரோட்டில் நிறுத்திக் கதவைத் திறந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். வலது சக்கரம் சரளையில் தொப்பென்று இறங்கியது. கையைத் தூக்காமலே கடிதங்களைச் செருகிவிட்டு, என் பட்டறைப் பக்கம் பார்த்து ஹார்ன் அடித்துவிட்டுப் போனாள்.

மற்ற சாலைகளில் அவள் இன்னும் இறங்கி ஏறத்தான் வேண்டும். ரம்பம் இருக்கிறது, எனக்கு முதுகுதான் இல்லை. வாங்கிய புது எண்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. அலமாரியிலேயே இருக்கட்டும். பழையது தேய்ந்து வந்தால் சபித்துக்கொண்டே மாற்றுகிறேன்.