சுடாமல் கொடுத்த தாங்கி

1. மெழுகுக்கு அவசரம் தெரியாது

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு கற்பிட்டியில் ஒரு சிறிய ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வந்து தங்கும் பயணிகளுக்கு மெழுகுதிரியும் அதை வைக்கும் களிமண் தாங்கியும் செய்யப் பழக்குவது என் வேலை. முதல் நாளே மானம் போனது. ஒரு ஜெர்மன்காரரும் அவர் மனைவியும் ஆசையாக ஊற்றிய திரிகள் ஆறியதும் நடுவில் குழி விழுந்து, விரல் போகும் அளவுக்குப் பள்ளமாகிவிட்டன.

குழி விழும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பரபின் மெழுகு ஆறும்போது சுருங்கும். முதலில் முக்கால்வாசி ஊற்ற வேண்டும். மேலே ஆடை கட்டியதும் திரி நூலைச் சுற்றி ஈர்க்கால் குத்திவிட்டு மிச்சத்தை ஊற்ற வேண்டும். ஆனால் மனேஜர் ஒரே பிடியாக நின்றார். கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பொடியன், நல்ல பிள்ளை, தமிழும் பேசுவார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே, "நானா, ரெண்டு மணித்தியாலத்துல முடிங்க. அவங்களுக்குப் பிறகு டொல்பின் பாக்கப் போட் இருக்கு" என்றார். நானும் புது வேலை என்று பயந்து ஒரே தடவையில் ஊற்றவைத்தேன்.

அன்றைக்குப் பின்னேரமே போய்ச் சொல்லிவிட்டேன், டொல்பின் நாளைக்கும் வரும், மெழுகு இன்றைக்கு ஆறுகிற வேகத்தில்தான் ஆறும் என்று. அவர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அதன் பிறகு வேர்க்ஷொப்பை இரண்டு நாளாகப் பிரித்தோம். முதல் நாள் காலையில் தாங்கி. அது வெயிலில் காயும் நேரத்தில் திரி. அடுத்த நாள் காலையில் தாங்கியைத் தென்னமட்டைக் குழியில் சுட்டு, ஆறவிட்டு, பின்னேரம் கையில் கொடுப்போம்.

2. தொழில் பழகிய இடம்

இந்த வேலையை நான் பழகிய விதத்தைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்களில் நானும் ஒருவன். முதலில் புத்தளத்தில் உப்பளத்தில் வேலை செய்தேன். கால் புண் ஆறாமல் போகவே, கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பக்கத்தில் மெழுகுதிரி செய்து விற்ற செபஸ்தியான் அண்ணனிடம் சேர்ந்தேன். ஒரு முஸ்லிம், கோயிலுக்கு மெழுகுதிரி ஊற்றுவதா என்று என் பெண்சாதியின் ஆட்கள் முணுமுணுத்தார்கள். வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்று நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

செபஸ்தியான் அண்ணன் அதிகம் கதைக்கமாட்டார். செய்து காட்டுவார், பார்த்துச் செய்ய வேண்டும். திருவிழாக் காலத்தில் திரி மட்டும்தான் போகும். கார்த்திகை மாதம் கல்லறைகளில் திரி கொளுத்துகிற நாள் வந்தால் தாங்கிக்கு ஓடர் வரும். கடற்கரைச் சேமக்காலையில் கல்லறை எல்லாம் மணல். காற்றுக்குத் திரி நிற்காது. அதனால் மூன்று பக்கமும் சுவர் உயர்த்தி, ஒரு பக்கம் திறந்து, ஒரு கூடு மாதிரித் தாங்கி செய்வோம். சுவரில் பெயர் எழுதுவோம். என் கையெழுத்து வடிவாக இருந்ததால் எழுதுகிற வேலை எனக்கே வந்தது. "பேர் எழுதினா மேல குருசு போடு" என்று அண்ணன் முதல் வருடம் ஒரு சிலுவையைக் கீறிக் காட்டிச் சொன்னார். அவ்வளவுதான். நானும் பதினாறு வருடம் போட்டேன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர்களுடைய வேதத்தில் நான் மூக்கை நுழைப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பிந்தி வந்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வேதக்காரர் பெயர் என்றால் மேலே குருசு வரும், எங்கள் கடிதத்தின் தலைப்பில் 786 போடுகிற மாதிரி என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். பெயரில்லாத தாங்கி எதுவும் நாங்கள் செய்ததில்லை, உயிரோடு இருக்கிறவர் பெயரைத் தாங்கியில் எழுதச் சொல்லி யாரும் வந்ததும் இல்லை. அதனால் என் கணக்குப் பிழை என்று காட்டித்தர ஒன்றும் நடக்கவில்லை. ஹோட்டலுக்கு வந்த பிறகு வெள்ளைக்காரர் தங்கள் பெயரைத் தாங்களே இங்கிலீசில் கீறிக்கொள்வார்கள். அங்கே எனக்கு எழுத்து வேலையே இருக்கவில்லை.

3. திரேசம்மா

ஒரு ஆவணித் திருவிழா முடிந்த கையோடு ஒரு தாயும் மகளும் வந்து இரண்டு நாள் தங்கினார்கள். தாய் முல்லைத்தீவுப் பக்கம், திரேசம்மா என்று பெயர். மகள் ஜெயந்தி பிரான்ஸிலிருந்து பல வருடத்துக்குப் பிறகு வந்து, தாயைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேர்க்ஷொப்புக்குப் பெயர் கொடுத்தது மகள். மேசைக்கு வருமுன் என்னிடம் தனியாக வந்து, "அண்ணா, அம்மாவை ஏதாவது வேலையில வைச்சிருங்கோ. றூமுக்க இருந்தா அழுதுகொண்டே இருப்பா" என்றாள்.

அன்றைக்கு வேறு ஆட்கள் இல்லை. எலுவன்குளத்திலிருந்து எடுப்பித்த களியைப் பிசைந்து இரண்டு உருண்டையாக வைத்தேன். உள்ளே காற்று இருந்தால் நெருப்பில் வெடிக்கும், அதனால் மேசையில் அடித்து அடித்து உருட்ட வேண்டும். வெள்ளைக்காரருக்கு இதைப் பழக்கவே அரை மணித்தியாலம் போகும். திரேசம்மா ரொட்டி மாவைப் பிடிக்கிற பிடியில் நாலு அடியில் முடித்துவிட்டார். கெட்டிக்காரி என்று சொன்னேன். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

சுவரை உயர்த்தித் தரலாமா என்று கேட்டார். வீட்டு வாசலில் கடற்காற்று, திரி நிற்பதில்லையாம். பொழுது பட்டதும் ஒவ்வொரு நாளும் வாசலில் ஒரு திரி கொளுத்தி வைப்பாராம், மகனுக்காக. களியை உயர்த்திக்கொண்டே மெல்ல மெல்லச் சொன்னார். கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது காணாமல் போனவன். பத்தொன்பது வயது. கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், தோளில் இருந்த பையை மாற்றுவதற்காகக் கையை விட்டார். திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அதன் பிறகு ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை, கொடுக்காத படம் இல்லை.

"இருக்கிறான் தம்பி. எனக்குத் தெரியும்" என்றார். பிறகு மகளைக் காட்டி, "இவ அவனுக்கு இறந்த பூசை குடுக்கச் சொல்லுறா. இருக்கிறவனுக்கு ஆரும் இறந்த பூசை குடுப்பினமே?" என்று கேட்டார்.

"அம்மா, இங்கயும் தொடங்காதேங்கோ" என்றாள் ஜெயந்தி. தலையைத் தூக்கவில்லை. இதற்காகத்தான் தாயும் மகளும் வரும் வழியெல்லாம் சண்டை பிடித்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது. அல்லாஹ் உதவி செய்வான் என்று சொல்லிவிட்டு நான் ஈரத்துணியால் அவருடைய சுவரை வழித்துக் கொடுத்தேன்.

பெயர் எழுதலாமா என்று கேட்டார். டிலக்சன் என்று பெயர். "எனக்குக் கை நடுங்கும். நீங்க எழுதுங்கோ தம்பி, வடிவா" என்றார்.

நான் புது ஈர்க்கு ஒன்றை எடுத்துச் சீவினேன். களி நல்ல பதத்தில் இருந்தது. ஐந்து எழுத்தும் அச்சடித்த மாதிரி விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு தாய் கேட்டதற்கு என்னால் முடிந்தது இதுதான் என்று நினைத்து, பெயருக்கு மேலே ஒட்டினாற்போல ஒரு குருசு கீறினேன். செபஸ்தியான் அண்ணன் பழக்கியபடி நுனிகளில் பூ மாதிரி மூன்று புள்ளியும் வைத்தேன். வைத்துவிட்டு, தாங்கியைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினேன். நல்லாயிருக்கு என்று சொல்வார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. குருசு

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"நீயோ சொன்னனீ?"

ஜெயந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழும்பி மேசையைச் சுற்றி வந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா நான் சொல்லேல்ல அம்மா" என்றாள்.

"என்னட்டைச் சொல்லிப் பாத்தாய், நான் கேக்கேல்ல. இப்ப ஆளை வைச்சு எழுதுவிக்கிறாய். உன்ர தம்பியடி அவன்."

மகள் அழத் தொடங்கிவிட்டாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெயரில் எழுத்துப் பிழை விட்டுவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஜெயந்திதான் அழுகைக்குள்ளே சொன்னாள்: "அண்ணா, பேருக்கு மேல குருசு செத்த ஆக்களுக்குத்தான் போடுறது."

யா அல்லாஹ். பதினாறு கார்த்திகை. நான் எழுதிய அத்தனை பெயரும் மௌத்தானவர்களுடையது என்று எனக்குத் தெரியும், கல்லறைக்குப் போகிற தாங்கிதானே. ஆனால் குருசு அந்த மௌத்துக்காகத்தான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மகன் இருக்கிறான் என்று ஒரு தாய் என் முன்னால் இருந்து சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே நான் அவனைச் செத்தவர்களோடு சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் பிழை மகள் தலையில் விழுந்து கிடந்தது. அதை முதலில் எடுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. "அம்மா, மக ஒண்டும் சொல்லல்ல. நான்தான் போட்டேன். உங்கட வேதத்துல பேர் எழுதினா குருசு போடணும் எண்டு நெனச்சிட்டேன். மௌத்தானவங்களுக்கு மட்டும்தான் எண்டு எனக்குத் தெரியாது. இத்தன வருசமா நான் கேக்கல்ல. என்னை மன்னிச்சுக்கங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆம்பிளை அழக்கூடாது என்ற கதையெல்லாம் அன்றைக்கு உதவவில்லை.

ஈரத்துணியை எடுத்துக் குருசை அழிக்கப் போனேன். களி பச்சையாக இருந்தது, ஒரு இழுப்பில் போய்விடும். ஆனால் குருசும் பெயரும் ஒட்டியபடி இருந்ததால் பெயரும் சேர்ந்து போகும். திரேசம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல இறுக்கம்.

"பேரைத் தொடாதேங்கோ."

வேறு களி எடுத்துப் புதிதாக ஒன்று செய்து, பெயர் மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கையை விடவில்லை. பெயரையும் குருசையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அடுப்பில் மெழுகு டின்னைச் சுற்றியிருந்த தண்ணீர் வற்றிச் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. பிறகு கையை விட்டுவிட்டு மிகவும் சாதாரணமாகச் சொன்னார்: "இருக்கட்டும். என்ர கையால ஒருநாளும் போட்டிருக்கமாட்டன். இது தெரியாத கையால விழுந்திட்டுது. விழுந்தபடி இருக்கட்டும்."

பிறகு திரி ஊற்றினோம். நூலை நேராகப் பிடிக்க இரண்டாவது ஆள் வேண்டும். ஜெயந்தி வந்து பிடித்தாள், தாய் ஊற்றினார். குழி விழுந்ததும் மறுபடி ஊற்றினார்கள். ஊற்றி முடித்துத் தாய் எழும்பும்போது மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டுதான் எழும்பினார்.

5. சுடுவதா வேண்டாமா

அடுத்த நாள் காலையில் குழியில் தென்னமட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். இருவரும் வந்தார்கள். தாங்கியை நான் குழிக்குள் இறக்கப் போகும்போது திரேசம்மா அதை வாங்கிக்கொண்டார்.

"சுட வேண்டாம் தம்பி."

தொழில்காரனாக நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சுடாத களி பஸ் குலுக்கத்துக்கே வெடிக்கும், மழை பட்டால் கரையும், வாசலில் வைத்தால் ஒரு மாரி தாங்காது, அதனால் வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார்.

"சுட்டா அழியாதெல்லே. சுடாட்டி, அவன் வந்து நிக்கிற அண்டைக்குத் தண்ணியைத் தொட்டு அந்தக் குருசை நானே அழிச்சுப்போடுவன். மெல்லமா அழிச்சா பேர் நிக்கும்."

ஜெயந்தி தாங்கியின் அடியில் தன் கையையும் கொடுத்தாள். "அழியுங்கோ அம்மா" என்றாள். "உங்கட காலத்தில அவன் வரேல்லையெண்டா, பிறகு நான் கொண்டுபோய்ச் சுடுவிக்கிறன்."

தாய் அவளைப் பார்த்தார். சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். "ஓம். உன்ர காலத்தில செய்" என்றார்.

அட்டைப்பெட்டியில் மரத்தூள் போட்டு, தாங்கியைத் துவாயில் சுற்றி நானே கட்டிக் கொடுத்தேன். அவ்வளவு கவனமாக நான் ஒரு பொருளையும் கட்டியதில்லை. அது ஊர் போய்ச் சேர்ந்ததா, இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் விலாசம் கேட்க எனக்கு முகம் இருக்கவில்லை.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு மெழுகின் சூடு, களியின் பதம் எல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தவருடைய வேதத்தில் நமக்குத் தெரியாததைக் கேட்காமல் விடுவதை மரியாதை என்று நான் பதினாறு வருடம் நினைத்திருந்தேன். கேட்டிருந்தால் ஒரு வரியில் செபஸ்தியான் அண்ணன் சொல்லி முடித்திருப்பார். அந்த ஒரு வரியைக் கேட்காததற்கு ஒரு தாய் தன் பிள்ளையின் பெயருக்கு மேல் குருசைப் பார்க்க வேண்டி வந்தது. இப்போது யாராவது பெயர் எழுதச் சொன்னால், பெயரோடு வேறு என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று கேட்டுவிட்டுத்தான் ஈர்க்கை எடுக்கிறேன். குழியில் இறக்குமுன் இன்னொரு தடவை கேட்கிறேன், சுடட்டுமா என்று.