அம்மாவின் எச்சில்

அம்மாவின் அப்பா பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்த ஐரிஷ்காரர். அவள் பிறக்கும் முன்பே கப்பலேறிவிட்டார். சர்ச் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, ஊர் இல்லை. மிச்சமிருந்தது, எச்சிலைக் குழாயில் பிடித்து அயர்லாந்துக்குத் தபாலில் அனுப்பும் டிஎன்ஏ சோதனைதான். திருச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவுக்கோ எச்சிலே ஊறவில்லை. சோதனைக்கு முன் எதுவும் தின்னக் கூடாதாம். குழாயும் கையுமாகப் பதறிய நான், ஸ்ரீரங்கத்து வீட்டு மாங்காயை உப்பு, மிளகாய்ப்பொடியோடு வர்ணித்தேன். எனக்குத்தான் ஊறியது.

“நீயே துப்பிடேன்டா!” என்று சிரித்த அம்மா ஒருவழியாகக் குழாயை நிரப்பினாள். “அவரு எந்த ஊருன்னு தெரிஞ்சா போதும், நிம்மதியாப் போய்ச் சேர்ந்துடுவேன்.”

அதிலிருந்து எனக்கு உதறல். தினமும் தபாலாபீஸ் வரிசையில் நிற்கிறேன்.

“பதில் வந்துச்சாடா?”

“அயர்லாந்து தூரமாச்சேம்மா.”

என் முறை வந்ததும் ரெண்டு ஸ்டாம்ப் மட்டும் வாங்கிக்கொண்டு, பையிலிருக்கும் குழாயோடு திரும்பிவிடுகிறேன்.