ஷிப்டு மாறிய தண்ணீர்

கடல்தண்ணீரை வடிகட்டுவதுதான் என் சித்தியின் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். "மொத்தக் கடலையும் எப்பம்மா வடிகட்டி முடிப்பீங்க?" என்று கேட்ட பஸ் கண்டக்டரிடம், "நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடறேன், கவலைப்படாதீங்க" என்றாள். வீட்டில் அவளுக்கு 'வடிகட்டி' என்றே பெயர்.

கடற்கரை ஆய்வுக்கூடத்தில், ஜன்னல் இல்லாத பின்னறை அவளுடையது. ஒரு பம்ப் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். புனல் போன்ற கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை ஊற்றினால் இரண்டு வடிதாள்கள் வழியாக இறங்கும். முதல் தாளில் துளைகள் கொஞ்சம் பெரியவை. பாசியும், பாசியோடு ஒட்டிக்கொண்ட பாக்டீரியாக்களும் அதில் தங்கிவிடும். தனியே திரிகிறவை அதைத் தாண்டிப் போய் இரண்டாவது தாளில் மாட்டும். சித்தி இடுக்கியால் தாளை எடுத்து, பஸ் டிக்கெட்டை மடிப்பதுபோல மடித்து, சின்னக் குழாயில் போட்டு உறைபெட்டியில் வைப்பாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது. தாளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது ஆராய்ச்சியை நடத்தும் மேடத்தின் வேலை.

மேடம் பெரிய படிப்புப் படித்தவர். ஆனாலும் சித்தியின் டிபன் பாக்ஸில் பாதி அவருக்குத்தான். "உன் கைப்பக்குவம் என் கைக்கு வரலையே" என்று சொல்லிக்கொண்டே முட்டைப் பொரியலை வழித்துத் தின்பார். சித்திக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் கால் வீங்க உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நாங்கள் வந்த பிறகும் எழுந்து போகவில்லை. கல்யாணம் என்று ஒன்று செய்துகொள்ளாத சித்திக்கு இரண்டே பேர். ஒருவர் மேடம். இன்னொருவர் என் மாமா.

மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் பின்னால் வெகுநாள் கழித்துப் பிறந்த கடைக்குட்டி. சித்தியின் இடுப்பிலேயே வளர்ந்தவர். இப்போது தாடியும் தொந்தியுமாக இருந்தாலும் சித்திக்கு அவர் 'குட்டி'தான். விரிகுடாவில் மிதவை கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, சிப்பி வளர்க்கிறார். மேடம் தண்ணீர் எடுக்கச் சொல்லும் இடம் அந்த மிதவைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் சித்தியைத் தினமும் காலையில் படகில் அழைத்துப்போவதும் அவர்தான்.

அந்த வருஷம் கோடை தொடங்கும்போது தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் நீர்த்த தேநீர் மாதிரி. பிறகு துருப்பிடித்த வாளியில் நின்ற தண்ணீர் மாதிரி. வடிதாள்கள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க, சித்தி பம்பைத் திட்டிக்கொண்டே காத்திருந்தாள். மேடத்துக்கோ கால் தரையில் பாவவில்லை. ஒரு பாசிப் பெருக்கத்தைத் தொடக்கத்திலிருந்து சாவுவரை நாள் தவறாமல் தொடர்வது அவருடைய நெடுநாள் ஆசை.

"முதல்ல வர்றது இனிப்புத் தின்னிங்க" என்று சாப்பிடும்போது சொன்னார். "பாசி உயிரோட இருக்கறப்ப அதுலேர்ந்து சர்க்கரை மாதிரி கசியும். அதுக்கு மொய்க்கும். பாசி சாக ஆரம்பிச்சா ஷிப்டு மாறும். பிணம் தின்னிங்க வரும்."

"வந்து?"

"வந்து அடியில உக்காந்து அரிக்கும். அரிக்க அரிக்கத் தண்ணியில இருக்கற பிராணவாயுவையெல்லாம் குடிச்சுடும். அப்புறம் நகர முடியாத ஜென்மமெல்லாம் மூச்சுத் திணற வேண்டியதுதான்."

நகர முடியாத ஜென்மம் என்றதும் சித்திக்கு நினைவு வந்தது கயிற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள்.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். "அக்கா, தண்ணி சரியில்ல. சிப்பி இன்னும் வளரணும், ஆனா இப்பவே எடுத்தா வாங்கிக்கறேன்னு வியாபாரி சொல்றான். இழுத்துடட்டுமா?"

"அவசரப்படாத குட்டி. மேடத்தக் கேட்டுச் சொல்றேன். அவங்களுக்குத் தெரியாததா?"

"அவங்க சொன்னா சரி. நீ சொன்னா அதவிடச் சரி."

மறுநாள் மதியம் சித்தி கேட்டாள். "மேடம், ஷிப்டு மாறிடுச்சா? தம்பி கயித்த இழுக்கலாமான்னு கேக்கறான்."

மேடம் கையில் எடுத்த கவளத்தை வாயில் வைத்துக்கொண்டார். மென்றார். "இன்னும் இல்ல. ஒண்ணும் ஆகாது. ஒரு வாரம் பொறுக்கச் சொல்லு."

சித்தி சொன்னாள். மாமா பொறுத்தார்.

வாரம் முடியுமுன்பே ஒரு காலை, படகு மிதவையை நெருங்கும்போதே நாற்றம் வந்தது. மாமா ஒரு கயிற்றை இழுத்தார். சிப்பிகள் வாய் பிளந்து தொங்கின. ஒன்றை விரலால் தட்டினார், மூடுகிறதா என்று. மூடவில்லை. அடுத்த கயிறு, அதற்கடுத்த கயிறு. சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். "தண்ணி எடுத்துக்கறியா?" என்று மட்டும் மாமா கேட்டார். எடுத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆய்வுக்கூடத்தில் கூட்டம். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சித்தி எப்போதும்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் வண்ணக் கட்டங்கள், நாளுக்கு ஒன்றாக. ஒவ்வொரு வண்ணமும் ஒருவகை பாக்டீரியா. மஞ்சள் பெருகி வந்து, ஒரு நாள் சட்டென்று குறைந்து, பழுப்பு ஏறியிருந்தது. அந்தக் கட்டத்தின் கீழிருந்த தேதியைச் சித்தி படித்தாள். அவள் கேட்ட நாளுக்கு முந்தைய நாள்.

"பாக்டீரியாவை இனம் பிரித்துச் சொல்லும் சிறிய கருவி வந்துவிட்டதால் மறுநாள் காலையிலேயே நமக்கு முடிவு தெரிந்துவிடுகிறது" என்று மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். "நல்லவேளையாக இந்த நாட்களில் பக்கத்தில் யாரும் கயிறு இழுக்கவில்லை. இழுத்திருந்தால் அடிச்சேறு கலங்கி இந்தத் தொடர் முழுவதும் கெட்டிருக்கும்."

கைதட்டினார்கள். சித்தியும் தட்டினாளாம். கை தானாகப் போய்விட்டது என்று பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

பின்னறைக்கு மேடம் வந்தபோது சித்தி பம்பை நிறுத்தினாள்.

"அன்னிக்கி நான் கேட்டேனே மேடம்."

"கேட்டே. ஆனா காத்து அடிச்சா அதுவே சரியாயிருக்கும். நிச்சயமா எப்படிச் சொல்றது?"

"நிச்சயமாத்தானே சொன்னீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு."

மேடம் மேஜை ஓரத்தைத் தடவினார். "சேறு கலங்கினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். உன்னோட உழைப்பும்தானே இது?"

"அவன் என் தம்பி."

"தெரியாமலா? வேணும்னா நான் நஷ்ட ஈட்டுக்கு எழுதித் தரேன்."

"எழுத வேணாம். வந்து அவன்கிட்ட வாயால சொல்லுங்க. நான் கேட்டேன், நீங்க இல்லேன்னீங்கன்னு. அது போதும்."

மேடம் வந்தார். அதைச் சொல்ல வேண்டும், மறுக்கவில்லை. மாமாவின் முற்றத்தில் நாங்கள் செத்த சிப்பிகளைக் கயிற்றிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தோம். ஈக்களின் சத்தத்தில் பேச்சே எடுபடவில்லை. மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"இது இயற்கை தம்பி. யாராலயும் முன்னாடியே சொல்லியிருக்க முடியாது. எங்களுக்கும் அப்புறம்தான் தெரிஞ்சுது."

சித்தி மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி நாற்காலியில் இருந்த அதே முகம்தான்.

"பொய் குட்டி" என்றாள். "அவங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் சொல்லல."

மாமா சுரண்டுவதை நிறுத்தவில்லை. "விடுக்கா. அவங்களுக்கு நான் யாரு? எதுக்குச் சொல்லணும்?" உளி கயிற்றில் கரகரவென்று ஓடியது. "நீ தினம் என் படகுலதான் வந்தே. அந்தத் தண்ணியத் தினம் கையில பிடிச்சே. உனக்குத் தெரியலேன்னா நான் நம்பணுமா?"

"நான் வடிகட்டறதோட சரிடா. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கறதில்ல."

"இத்தனை வருஷமா?"

 உண்மையாகவே இத்தனை வருஷமாக அவள் பார்த்ததில்லை.

மாமா எழுந்து உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, தோள் துண்டால் தட்டி, மேடத்துக்குப் போட்டார். "உக்காருங்க மேடம். நாத்தம் இருக்கும், தப்பா நினைக்காதீங்க." சித்தி நின்றுகொண்டிருந்தாள். மேடம் உட்காரவில்லை. அவர் கண் குவியலின் மேல் இருந்தது. பையிலிருந்து ஒரு குழாயை எடுத்தார்.

"இதுல ரெண்டு எடுத்துக்கட்டுமா? இதுமேல இப்ப என்ன வந்து உக்காந்திருக்குன்னு பாத்தா நல்லது."

"தாராளமா. எல்லாம் உங்களுதுதான்" என்றார் மாமா.

மேடம் குழாயைச் சித்தியிடம் நீட்டினார், என்றும் நீட்டுவதுபோல. சித்தியின் கை பாதிவரை போனது. பிறகு இறங்கியது. அவள் புடவையைச் செருகிக்கொண்டு மாமாவுக்கு எதிரே குந்தி, கிடந்த ஒரு உளியை எடுத்து, அவர் சுரண்டிக்கொண்டிருந்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.

மாமா கயிற்றை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.